யாரை யாரோடு சேர்ப்பது?



நம் கல்லூரிகளில் மாணவர்களைக் குழுவாகப் பிரிக்க இரண்டே வழிகள்தான் வழக்கத்தில் இருக்கின்றன. ஆய்வகம் என்றால் பதிவெண் வரிசை. திட்டப்பணி என்றால், "நீங்களே பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள்." முதல் வழியில் ஆசிரியருக்கு வேலை இல்லை. இரண்டாவது வழியில் பொறுப்பும் இல்லை. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கணினி துணை செய்யும் என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பதிவெண் வரிசையை முதலில் பார்ப்போம். பெயரின் எழுத்து வரிசைப்படி எண் போடுகிறோம். அதனால் கார்த்திக், கார்த்திகா, கார்த்திகேயன் மூவரும் முதல் பருவத்து இயற்பியல் ஆய்வகத்தில் ஒரே மேசையில் நின்றால், கடைசிப் பருவம்வரை அதே மேசைதான். மூவரில் ஒருவர் கை வேகமாக இருந்தால் அவரே எல்லாச் சோதனையையும் செய்வார், மற்ற இருவரும் அளவீட்டைப் பார்த்து எழுதுவார்கள். நான்கு ஆண்டு போய்விடும்.

மாணவர்களே சேர்ந்துகொள்வது இதைவிட நல்லது என்று தோன்றும். அறிவித்த ஐந்து நிமிடத்தில் பாதி வகுப்பு பேட்ச் போட்டு முடித்துவிடும். முன்வரிசையில் நன்றாகப் படிக்கும் நால்வர் ஒரு பேட்ச். ஒரே பேருந்தில் வருபவர்கள் ஒரு பேட்ச். விடுதியில் ஒரே அறைக்காரர்கள் ஒரு பேட்ச். கடைசியில் நாலைந்து பேர் மிஞ்சுவார்கள். பட்டயப் படிப்பு முடித்து இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர்ந்தவர், அரியர் வைத்திருப்பவர், யாரோடும் அதிகம் பேசாத பெண், தமிழ்வழியில் படித்து வந்து ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குபவர். மிஞ்சியவர்களை ஒன்றாகச் சேர்த்து ஆசிரியர் கடைசி பேட்ச் ஒன்று போடுவார். யாருக்கும் வேண்டாதவர் யார் என்பதை வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நாமே அறிவித்தது போலாகிவிடுகிறது.

இதில் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இளைஞர்களைத் தாமாகச் சேரவிட்டால் சில இடங்களில் அவர்கள் எந்தக் கோட்டில் சேர்கிறார்கள் என்பது இந்த அரங்கில் உள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடை செய்ய வேண்டும் என்ற பரிந்துரையைப் பலரும் பேசினார்கள். மாணவர்களை எழுத்து வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருக்கிறது. அதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. எனக்கு அது முக்கியமாகப் பட்டது. யார் பக்கத்தில் யார் என்பதை மாணவர்களிடமும் ஊரிடமும் விட்டுவிடாதே, நீ முடிவு செய் என்று அந்தப் பரிந்துரை ஆசிரியருக்குச் சொல்கிறது.

ஆகவே, எழுத்து வரிசையைக் குறை சொன்ன நானே அதற்கு ஒரு மரியாதையும் தர வேண்டியிருக்கிறது. அதற்குச் சாதி தெரியாது. ஆனால் வேறு எதுவுமே தெரியாது என்பதுதான் அதன் குறை. பேருந்து நேரம் தெரியாது. நாற்பது பையன்களுக்கு நடுவில் இருக்கும் இரண்டு பெண்களைத் தெரியாது. யாருக்கு எந்தப் பாடம் வரும், வராது என்று தெரியாது. பார்க்கக் கூடாததைப் பார்க்காமலும் பார்க்க வேண்டியதைப் பார்த்தும் குழு பிரிக்க வேண்டும். அதுதான் நம்முன் உள்ள வேலை.

கூட்டுறவுக் கற்றல் என்பதைக் கல்வியியல் படித்தவர்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான்சன் சகோதரர்கள் டேவிட், ராஜர் இருவரும் பல பத்தாண்டுகள் இதில் ஆய்வு செய்தார்கள். மேசைகளை ஒட்டிப் போட்டுவிட்டால் அது குழுவாகிவிடாது என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒருவர் வெற்றி மற்றவர் வெற்றியைச் சார்ந்திருக்க வேண்டும். அதே நேரம் ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்லும் கடமையும் இருக்க வேண்டும். 1971-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிக் குழந்தைகள் ஒரே வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது சண்டை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் குழந்தைகளைச் சிறு குழுக்களாக்கி, பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். பக்கத்தில் இருப்பவன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்காமல் யாரும் தேர்வு எழுத முடியாது. ஆனால் அந்தக் குழுக்களில் யார் யார் இருந்தார்கள் என்பதை ஆசிரியர்கள்தான் முடிவு செய்தார்கள். தாமாகச் சேரவிட்டிருந்தால் தெருவில் இருந்த பிரிவினை அப்படியே வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு சான்று என்னை மிகவும் பாதித்தது. 1970-களில் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்பது ஏன் என்று கேட்டார். ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவு இல்லை என்று சுற்றியிருந்தவர்கள் காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய், நாள் கணக்கில் உடன் இருந்து பார்த்தார். சீன வம்சாவளி மாணவர்கள் வீட்டுக் கணக்கை முடித்துவிட்டு மாலையில் ஒன்றுகூடி ஒருவர் விடையை மற்றவர் சரி பார்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் குறைவாக உழைக்கவில்லை, தனியாக உழைத்தார்கள். தாம் எங்கே தவறினோம் என்பது தேர்வுத் தாள் வரும்வரை அவர்களுக்குத் தெரியவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போட வைத்த பயிற்சி வகுப்புகளை ட்ரைஸ்மன் தொடங்கினார். முடிவுகள் மாறின. நம் வகுப்பில் மிஞ்சிப்போகும் நாலைந்து பேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்குச் சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. குழுவிலும் இடம் இல்லை என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

சரி, ஆசிரியரே பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்த்துப் பிரிப்பது? 2004-ல் பார்பரா ஓக்லி, ரிச்சர்ட் ஃபெல்டர், ரெபெக்கா ப்ரென்ட், இமாத் எல்ஹாஜ் நால்வரும் பொறியியல் ஆசிரியர்களுக்காக எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் கைவிளக்காக இருக்கிறது. குழுவை ஆசிரியர் அமைக்க வேண்டும். குழுவுக்குள் திறன் கலந்திருக்க வேண்டும். வகுப்பு நேரத்துக்கு வெளியே சந்திக்க எல்லாருக்கும் பொதுவான நேரம் இருக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில், எண்ணிக்கையில் குறைந்தவர் யாரும் ஒரு குழுவில் தனித்து விடப்படக் கூடாது. அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. கையால் செய்து பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும்.

எட்டு மாணவர்களை நால்வர் நால்வராக இரண்டு குழுவாக்க 35 வழிகள். பன்னிரண்டு பேரை மூன்று குழுவாக்க 5775 வழிகள். நாற்பது பேரைப் பத்துக் குழுவாக்கும் வழிகளின் எண்ணிக்கை 28 இலக்கம் கொண்டது. இதில் ஒரு நிபந்தனையைச் சரி செய்தால் இன்னொன்று கெடும். பேருந்து நேரத்துக்காக ஒருவரை இடம் மாற்றினால் அங்கே முன்னணி மாணவர்கள் இருவர் ஒன்றாகிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெயர்ச் சீட்டுகளை மேசையில் பரப்பி உட்காரும் ஆசிரியரும் கடைசி இரண்டு குழுவை அலுத்துப்போய்த்தான் போடுவார்.

கணினி வர வேண்டிய இடம் இதுதான். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ரோஸ்-ஹல்மன் தொழில்நுட்பக் கல்லூரியில் ரிச்சர்ட் லேட்டனும் உடனிருந்தவர்களும் இதற்கென்றே ஒரு மென்பொருள் செய்து 2004-ல் அதைப் பற்றி எழுதினார்கள். பெயர் டீம்-மேக்கர். பின்னர் அது பர்டியூ பல்கலைக்கழகத்தின் மாத்யூ ஓலண்ட் முதலியோர் நடத்தும் கேட்மி என்ற அமைப்போடு சேர்ந்தது. ஆசிரியர் கேள்விகளைத் தேர்ந்தெடுப்பார், மாணவர்கள் இணையத்தில் பதில் நிரப்புவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆசிரியர் ஒரு முடிவு சொல்ல வேண்டும்: இதில் ஒத்தவர்கள் ஒரே குழுவில் இருக்க வேண்டுமா, வேறுபட்டவர்கள் கலக்க வேண்டுமா, எவ்வளவு அழுத்தமாக? ஓய்வு நேரம் ஒத்திருக்க வேண்டும். மதிப்பெண் கலந்திருக்க வேண்டும்.

பிறகு நிரல் என்ன செய்கிறது? முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு விதமாகக் குழு பிரித்துவிடும். நம் விருப்பத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மதிப்பெண் போடும். அப்புறம் இந்தக் குழுவிலிருந்து ஒருவர், அந்தக் குழுவிலிருந்து ஒருவர் என இடம் மாற்றிப் பார்க்கும். நிலைமை முன்னேறினால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் பழையபடி விட்டுவிடும். மாற்ற மாற்ற முன்னேற்றமே இல்லாத ஒரு நிலை வரும். கொடைக்கானல் மூடுபனியில் உச்சியைத் தேடுபவர் காலடியில் தரை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கமே நடப்பது போன்ற வேலை இது. அவர் போய் நிற்பது உண்மையான உச்சியாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு குன்றாகவும் இருக்கலாம். அதனால் நிரல் வேறு வேறு இடத்திலிருந்து பலமுறை தொடங்கிப் பார்த்து, கிடைத்தவற்றில் சிறந்ததை எடுத்துக்கொள்ளும். ஆகச் சிறந்த விடை என்று அது உறுதி கூறாது. மனிதரால் கையால் எட்ட முடியாத அளவு நல்ல விடையைத் தரும். வேறு முறைகளும் உண்டு. 2006-ல் சபைன் கிராஃப், எத்தியோப்பியாவின் ரஹேல் பெகேலே இருவரும் எறும்புகள் வழி தேடும் முறையைப் பின்பற்றிக் கலப்புக் குழுக்கள் அமைத்துக் காட்டினார்கள். கணக்கு முறை எதுவானாலும் எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

வேறுபாடு இருப்பது இன்னோர் இடத்தில். 'நிலைமை முன்னேறியது' என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மூன்று குழுக்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு பிரிப்பில் அவற்றின் மதிப்பெண் 9, 9, 3. இன்னொரு பிரிப்பில் 6, 6, 7. கூட்டிப் பார்த்தால் முதலாவது 21, இரண்டாவது 19. சராசரியை உயர்த்து என்று கணினிக்குச் சொன்னால் முதலாவதைத் தரும். மூன்று மதிப்பெண் வாங்கிய குழுவின் நான்கு பிள்ளைகளுக்கு அந்தப் பருவம் வீண். டீம்-மேக்கரை எழுதியவர்கள் சராசரியை எடுக்கவில்லை. இருக்கும் குழுக்களில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற குழு எதுவோ, அதை எவ்வளவு உயர்த்த முடியும் என்பதையே இலக்காக வைத்தார்கள். அப்படி வைத்தால் இரண்டாவது பிரிப்புதான் வரும். நண்பர்களே, நிரலில் அது ஒரே ஒரு வரி. கடைசி பேட்ச் என்ற ஒன்று உருவாகவே கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்து எழுதிய வரி. கணினிக்கு அந்த அக்கறை தானாக வராது. குழு பிரிக்கும் எந்த மென்பொருளை யார் கொண்டுவந்து காட்டினாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: சராசரியை உயர்த்துகிறதா, கடைசிக் குழுவை உயர்த்துகிறதா?

இனி நம் ஊருக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரியின் கேள்விப் பட்டியலை அப்படியே எடுத்து வைத்தால் இங்கே பயன் தராது. இங்கே பொதுவான நேரம் என்பதை முடிவு செய்வது பேருந்து. கல்லூரிப் பேருந்து கிளம்பிவிட்டால் வெளியூர் மாணவர் போயாக வேண்டும். விடுதியில், குறிப்பாகப் பெண்கள் விடுதியில், மாலை இத்தனை மணிக்குள் உள்ளே வர வேண்டும். விடுதி மாணவர் இரவு எட்டு மணிக்குச் சந்திக்கலாம் என்பார். வெளியூர் மாணவர் அப்போதுதான் வீட்டுப் படி ஏறியிருப்பார். ஆகவே முதல் கேள்வி: விடுதியா, பேருந்தா, எந்த வழித்தடம்? அடுத்து, சொந்தமாக மடிக்கணினி இருக்கிறதா, கைப்பேசி மட்டும்தானா? குழுவில் ஒருவரிடமாவது மடிக்கணினி இருக்க வேண்டும். பள்ளியில் படித்தது தமிழ்வழியா, ஆங்கிலவழியா? வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவரா? இந்தப் பாடத்துக்கு அடிப்படையான முந்தைய பாடத்தில் என்ன மதிப்பெண்?

சாதியைக் கேட்கக் கூடாது. சமமாகக் கலக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடும் கேட்கக் கூடாது. கேட்ட அந்த நொடியிலேயே வகுப்பறைக்குள் அதற்கு ஓர் இடம் கொடுத்துவிடுகிறோம். சொந்த ஊரின் பெயரையும் கேட்காதீர்கள், சில மாவட்டங்களில் ஊர்ப் பெயரே போதும். வழித்தடம் தெரிந்தால் நமக்குப் போதுமானது. நண்பர் யார் என்ற கேள்வியும் தேவையில்லை.

மதிப்பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே 'கலந்து போடு' என்ற ஒரே சொல்லில் விஷயம் முடிவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்லேவின் வகுத்த முறையில் நால்வர் குழு என்றால் மேல்நிலையில் ஒருவர், நடுவில் இருவர், கீழ்நிலையில் ஒருவர். கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிபிங் லூவும் மற்றவர்களும் 1996-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பின்தங்கியவர்களுக்குக் கலப்புக் குழு நன்மை தந்தது. முன்னணி மாணவர்களுக்கு இரண்டு வகையிலும் பெரிய வேறுபாடு இல்லை. நடுத்தர மாணவர்கள் மட்டும் தம்மையொத்தவர்களோடு இருந்தபோது கூடுதலாகக் கற்றார்கள். ஏன் என்று யோசித்தால் விளங்கும். கலப்புக் குழுவில் தெரிந்தவர் சொல்லிக் கொடுப்பார், தெரியாதவர் கேட்டுக்கொள்வார். நடுவில் இருப்பவர் சொல்லவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நோரீன் வெப் செய்த ஆய்வுகளும் இதை ஒட்டியவை. விளக்கிச் சொல்பவருக்கு அந்த விளக்கமே கல்வியாகிறது, விடையை மட்டும் வாங்கிக்கொள்பவருக்கு ஒன்றும் சேர்வதில்லை. ஆகவே முதல் மாணவரையும் கடைசி மாணவரையும் ஒரே குழுவில் போட்டுவிட்டு நடுவில் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். நிலைகளுக்கு இடையே இடைவெளி அதிகம் போகாமல் பார்த்துக்கொள்ள நிரலுக்குச் சொல்ல முடியும். தொடக்கப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்களே, அது ஆசிரியர் பாடம் நடத்துவதற்காகக் கற்றல் நிலைப்படி பிரிப்பது. அதையும் கூட்டுறவுக் கற்றல் குழுவையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது பெண்கள். இயந்திரவியல் வகுப்பில் அறுபது பேரில் ஆறு பெண்கள் என்று கொள்ளுங்கள். சமமாகப் பரப்ப வேண்டும் என்று நினைத்து ஆறு குழுவில் குழுவுக்கு ஒருவராகப் போடுகிறோம். பார்க்க நியாயமாகத் தெரியும். நடப்பது என்ன? பையன்கள் மூவரும் பட்டறையில் வேலை செய்வார்கள், பெண் ரெக்கார்டு எழுதுவாள், பிபிடி போடுவாள். வெல்டிங் கருவியைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடுவாள். அவள் சொல்லும் யோசனைக்கு ஆமாம் சொல்ல அந்த மேசையில் இன்னொரு குரல் இல்லை. அதனால் இருவர் இருவராக மூன்று குழுவில் போடுங்கள், மற்ற பன்னிரண்டு குழுக்களில் பையன்கள் மட்டும் இருக்கட்டும். கேட்மி போன்ற மென்பொருளில் இதற்குத் தனி விருப்பமே வைத்திருக்கிறார்கள், எவரும் ஒற்றையாக நிற்கக் கூடாது என்று கட்டளை கொடுத்துவிடலாம். தமிழ்வழியில் வந்தவருக்கும் நேரடி இரண்டாமாண்டு மாணவருக்கும் இதே விதியைப் பொருத்துங்கள். மேல் ஆண்டுகளுக்குப் போகப் போக இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம். வேலைக்குப் போகும் இடத்தில் தனியாக நின்று பேச வேண்டியிருக்கும், அதற்கும் பழக வேண்டும்.

வசதி இல்லையே என்று சிலர் நினைக்கலாம். பல கல்லூரிகளில் மூடுல் இருக்கிறது. அதில் தானாகக் குழு பிரிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது குலுக்கல் முறையில் பிரிக்கும், அல்லது பெயர் வரிசை, எண் வரிசைப்படி பிரிக்கும், நம் பழைய வழக்கத்தைக் கணினியில் ஏற்றியது போல. அதைவிட, கூகுள் படிவத்தில் பதில்களை வாங்கி, விரிதாளில் போட்டு, இடம் மாற்றிப் பார்க்கும் அந்தச் சிறு நிரலை உங்கள் கல்லூரியின் கணினித் துறை மாணவர்களிடமே எழுதச் சொல்லுங்கள். பைத்தான் தெரிந்த இரண்டாமாண்டு மாணவர் எழுதிவிடுவார். மாணவர் தகவல் வைக்காமல் வெறும் எண்களை வைத்து எழுதச் சொல்லுங்கள். உண்மையான பதில்களைப் பார்ப்பவர் ஆசிரியர் ஒருவர் மட்டும்தான். பருவம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

குழு எவ்வளவு நன்றாக அமைந்தாலும், ஒருவரே முடித்துவிடக் கூடிய வேலையைக் கொடுத்தால் ஒருவரே முடிப்பார். அது கணினியின் பிழை ஆகாது. ஆளுக்கொரு பகுதி இல்லாமல் முழுமை கிடைக்காத வேலையைக் கொடுக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் யாரை வேண்டுமானாலும் எந்தப் பகுதியையும் கேட்க வேண்டும். ஒருவர் உழைப்பை மற்றவர் மதிப்பிடும் படிவத்தைப் பருவத்தின் நடுவில் ஒருமுறை வாங்குங்கள், கடைசியில் மட்டும் வாங்கினால் திருத்த நேரம் இருக்காது.

பட்டியலை ஒட்டும் நாளில் என்ன அடிப்படையில் பிரித்தோம் என்பதை வகுப்பில் சொல்லிவிடுங்கள். 'கம்ப்யூட்டர் போட்டது, நான் ஒன்றும் செய்ய முடியாது' என்று மட்டும் சொல்லாதீர்கள். போட்டது நீங்கள்தான், கேள்விகளும் அழுத்தங்களும் உங்களுடையவை. அன்று மாலையே சிலர் அறைக்கு வந்து, "சார், மாத்திக் குடுங்க" என்பார்கள். பெரும்பாலும் அது நண்பனைப் பிரிந்த வருத்தம். நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள், அதன் பிறகும் வேண்டுமென்றால் வாருங்கள் என்று சொல்லலாம், பெரும்பாலானவர்கள் திரும்பி வர மாட்டார்கள். ஆனால் ஒரு மாணவி வந்து, இந்தக் குழுவில் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்றாலோ, ஒரு மாணவர் வந்து தன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொன்னாலோ, காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் காக்கவைக்காதீர்கள். அன்றைக்கே குழுவை மாற்றுங்கள். மீதிப் பட்டியலைச் சரி செய்ய நிரலை இன்னொரு முறை ஓட்டிக்கொள்ளலாம்.